ஏர்ஃபைபர் இணைப்பு: எந்தக் கருவி, எந்தக் கேபிள்? சந்தேகங்களும் விளக்கங்களும்

தெருவுக்கு ஃபைபர் கேபிள் வராத வீடுகளுக்கு, மொட்டை மாடியில் ஒரு பெட்டியைப் பொருத்தி வான்வழியே இணையம் தரும் சேவை ‘ஏர்ஃபைபர்’ என்ற பெயரில் பரவி வருகிறது. ஏர்டெல் 2023 ஆகஸ்டில் டெல்லி, மும்பை நகரங்களிலும், ஜியோ 2023 செப்டம்பர் 19 அன்று சென்னை உள்ளிட்ட 8 நகரங்களிலும் இதைத் தொடங்கின. விளம்பரங்களில் வேகமும் விலையும் பெரிய எழுத்தில் வருகின்றன. கேபிள், அடாப்டர், கம்பம், எர்த் பற்றிய விவரம் வருவதில்லை. இணைப்பு நிலைத்து நிற்பதும் அடிக்கடி அறுந்துபோவதும் பெரும்பாலும் இந்தத் துணைப் பொருள்களைப் பொறுத்தே அமைகின்றன. பொதுமக்களிடம் எழும் சந்தேகங்களும் அவற்றுக்கான விளக்கங்களும் வருமாறு:

பெயரில் ஃபைபர் இருக்கிறதே, வீட்டுக்குக் கேபிள் வருமா?

வராது. அலைபேசிக் கோபுரம் வரை வரும் இணையம், அங்கிருந்து வீட்டுக்கு ரேடியோ அலையாக வருகிறது. கைபேசி வாங்குவது போன்ற சிக்னலைத்தான் இதுவும் வாங்குகிறது. இடம் மாறாத பெரிய ஆன்டெனா என்பதால் கைபேசியைவிட நன்றாக வாங்குகிறது.

எல்லா ஏர்ஃபைபரும் 5ஜி இணைப்புதானா?

இல்லை. 5ஜி நெரிசலாக உள்ள சில இடங்களில், உரிமம் தேவைப்படாத 5 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் வீடுகள் இணைக்கப்படுகின்றன. பிஎஸ்என்எல் நிறுவனத்தின் பாரத் ஏர்ஃபைபரும், ஊர்ப்புறங்களில் உள்ள பல சிறிய இணைய நிறுவனங்களும் இதே அலைவரிசையைப் பயன்படுத்துகின்றன. இதில் 605 மெகாஹெர்ட்ஸ் அளவுக்கு 2018 அக்டோபரில் மத்திய அரசு உரிம விலக்கு அளித்தது.

எந்த அலைவரிசையாக இருந்தால் பயனாளிக்கு என்ன?

ஏலத்தில் எடுத்த 5ஜி அலைவரிசையை அந்த ஒரு நிறுவனம் மட்டுமே பயன்படுத்த முடியும். உரிமம் வேண்டாத அலைவரிசையை யாரும் பயன்படுத்தலாம். பக்கத்து மாடியில் இன்னொரு நிறுவனம் கருவி வைத்தால் இரண்டும் இடையூறு செய்துகொள்ளக்கூடும். எனவே எந்த முறையில் இணைப்பு தரப்படுகிறது என்பதைப் பணம் கட்டும் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

ஒரு இணைப்புக்கு என்னென்ன கருவிகள் வேண்டும்?

மாடியில் சிக்னலை வாங்கும் வெளிக்கருவி, வீட்டுக்குள் வைஃபை தரும் ரூட்டர், இரண்டையும் இணைக்கும் நெட் கேபிள், அந்தக் கேபிள் வழியாகவே வெளிக்கருவிக்கு மின்சாரம் அனுப்பும் ‘பிஓஇ’ அடாப்டர் ஆகிய நான்கும் அடிப்படை. இவற்றோடு கம்பம், கிளாம்ப், மின்னல் பாதுகாப்புக் கருவி, மின்தடைக்கான பேட்டரி ஆகியவை சேரும். முதல் நான்கையும் பெரிய நிறுவனங்கள் பெரும்பாலும் தாமே கொண்டுவருகின்றன. மின்னல் பாதுகாப்பும் பேட்டரியும் பெரும்பாலும் வீட்டுக்காரர் பொறுப்பில் விடப்படுகின்றன.

வீட்டுக்குள் வைக்கும் ஒரே பெட்டி போதாதா?

சிக்னல் வலுவாக உள்ள இடத்தில் போதும். ஏர்டெல் தொடக்கத்தில் தந்தது, மின்சாரப் பிளக்கில் செருகினால் இயங்கும் இத்தகைய உள்பெட்டிதான். ஆனால் 3.5 ஜிகாஹெர்ட்ஸ் 5ஜி அலை செங்கல் சுவரையும் கான்கிரீட்டையும் கடக்கும்போது பெருமளவு வலுவிழக்கிறது. கோபுரத்தைப் பார்த்த ஜன்னல் இல்லாத வீட்டில் வெளிக்கருவியைக் கேட்டு வாங்குவதே சரி.

பணம் கட்டும் முன் சிக்னல் இருக்கிறதா என்று எப்படி அறிவது?

அதே நிறுவனத்தின் 5ஜி சிம் உள்ள கைபேசியை மாடிக்குக் கொண்டுசென்று பார்க்கலாம். பெரும்பாலான ஆண்ட்ராய்டு கைபேசிகளில் ‘போன் விவரம்’ பகுதியில் சிம் நிலையைத் திறந்தால், சிக்னல் அளவு டிபிஎம் என்ற அலகில் கழித்தல் குறியுடன் தெரியும். கழித்தல் 80-ஐ ஒட்டியிருந்தால் மிக நன்று. கழித்தல் 110-க்கும் கீழே போனால் இணைப்பு தடுமாறும். மாடியின் நான்கு மூலைகளிலும், இரவு 9 மணி போன்ற நெரிசல் நேரத்திலும் ஒருமுறை பார்த்துவிட்டால் பிறகு ஏமாற்றம் இருக்காது.

வெளிக்கருவியை மாடியில் எங்கே பொருத்த வேண்டும்?

கோபுரத்தை நோக்கிய பக்கத்தில், தண்ணீர்த் தொட்டியும் கைப்பிடிச் சுவரும் மறைக்காத உயரத்தில். படிக்கட்டு அறையின் பக்கவாட்டுச் சுவர் பல வீடுகளில் பொருத்தமான இடம்: காற்றில் ஆடாது, ஏணி வைத்து எட்டவும் முடியும். கேபிள் மிச்சமாகிறது என்பதற்காகக் கோபுரத்துக்கு முதுகு காட்டும் சுவரில் பொருத்தினால், எந்த விலையுயர்ந்த திட்டமும் அதை ஈடுகட்டாது.

முன்னால் தென்னை மரங்கள் இருந்தால்?

இலைகள் ரேடியோ அலையை உறிஞ்சும். மழையில் நனைந்த இலைகள் இன்னும் அதிகமாக உறிஞ்சும். 700 மெகாஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அலைவரிசை மரங்களை ஓரளவு தாண்டும், 3.5 ஜிகாஹெர்ட்ஸ் திணறும். 26 ஜிகாஹெர்ட்ஸ் நின்றே போகும். கோடையில் சோதித்துப் பொருத்திய இணைப்பு ஐப்பசி மழையில் சரிவதற்கு இதுவே பல இடங்களில் காரணம்.

உள்ளூர் நிறுவனத்தின் கோபுரம் 3 கிலோமீட்டரில் கண்ணுக்குத் தெரிகிறது. அது போதுமா?

போதாது. அலை நூல் பிடித்தாற்போல் ஒரு கோட்டில் செல்வதில்லை. மிருதங்கம் போல நடுவில் பெருத்து, இரு முனைகளிலும் குறுகிய பரப்பில் செல்கிறது. 5.8 ஜிகாஹெர்ட்ஸில் 3 கிலோமீட்டர் தூரத்துக்கு நடுவழியில் அந்தப் பரப்பின் ஆரம் சுமார் 6.2 மீட்டர், இதில் குறைந்தது 60 சதவீதம், அதாவது ஏறத்தாழ 3.7 மீட்டர், தடையின்றி இருக்க வேண்டும். இடையில் ஒரு புது மாடி எழுந்தால், கோபுரம் தெரிந்துகொண்டே இருக்கும்போதும் வேகம் குறையும்.

மழை பெய்தால் இணையம் நிற்குமா?

3.5 மற்றும் 5.8 ஜிகாஹெர்ட்ஸில் வீட்டு இணைப்புத் தூரங்களுக்கு மழையின் நேரடிப் பாதிப்பு மிகக் குறைவு; 26 ஜிகாஹெர்ட்ஸில் கனமழை சிக்னலைக் குறைக்கும். மழைக்காலத்தில் வரும் கோளாறுகளில் பெரும்பகுதி கேபிள் முனையில் இறங்கும் நீரால் வருவது.

ஆரம்பச் செலவு எவ்வளவு?

அறிமுகத்தின்போது ஜியோ அறிவித்தது மாதம் 599 ரூபாய்க்கு 30 எம்பிபிஎஸ், 899 ரூபாய்க்கு 100 எம்பிபிஎஸ். பொருத்தும் கட்டணம் 1,000 ரூபாய், ஆண்டுத் திட்டம் எடுப்போருக்கு அது தள்ளுபடி. ஏர்டெல் 100 எம்பிபிஎஸ் இணைப்பை 6 மாதங்களுக்கு 4,435 ரூபாய்க்குத் தந்தது. கூடவே, திரும்பக் கிடைக்கும் முன்வைப்புத் தொகை 2,500 ரூபாய். திட்டக் கட்டணத்துக்கு 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு. ஆகவே ஏர்டெல் பயனாளி முதல் நாளில் கட்ட வேண்டியிருந்தது 7,733 ரூபாய். இவை 2023-இல் அறிவிக்கப்பட்டவை. இப்போதைய கட்டணத்தையும் இதேபோல வரி, முன்வைப்பு, பொருத்தும் கட்டணம் மூன்றையும் கூட்டியே ஒப்பிட வேண்டும்.

கருவிகள் யாருக்குச் சொந்தம்?

பெரும்பாலான திட்டங்களில் நிறுவனத்துக்கே சொந்தம். பயனாளிக்கு இரவலாகத் தரப்படுகிறது. இணைப்பைத் துண்டிக்கும்போது கருவியை அடாப்டருடன் திருப்பித் தர வேண்டும். தராவிட்டால் முன்வைப்புத் தொகை பிடித்தம் ஆகலாம். பொருத்தும் நாளிலேயே வரிசை எண் தெரியும்படி ஒரு படம் எடுத்து வைப்பதும், திருப்பித் தரும்போது ரசீது வாங்குவதும் அவசியம்.

கடையில் ஒரு 5ஜி ரூட்டர் வாங்கி, கைபேசி சிம்மைப் போட்டால் போதாதா?

தொழில்நுட்பப்படி சில ரூட்டர்களில் இயங்கும்; ஆனால் வாங்கும் முன் இரண்டைப் பார்க்க வேண்டும். ஜியோவின் 5ஜி 4ஜியைச் சாராமல் தனித்து இயங்குவது, ஏர்டெல் 4ஜியைத் துணையாகக் கொண்டு தொடங்கியது. எனவே ரூட்டர் இரு முறைகளையும், என்28, என்78 ஆகிய அலைவரிசைகளையும் ஏற்க வேண்டும். அடுத்தது, வரம்பற்ற 5ஜி சலுகை கைபேசிக்கு மட்டுமா, ரூட்டருக்கும் பொருந்துமா என்பதைத் திட்டத்தின் நிபந்தனைகளில் படித்துப் பார்க்க வேண்டும். ஒரு நிறுவனத்தின் ஏர்ஃபைபர் கருவியை இன்னொரு நிறுவனத்தின் இணைப்புக்குப் பயன்படுத்த முடியாது என்றே கொள்ள வேண்டும்.

கருவி அங்கீகாரம் பெற்றதா என்று எப்படித் தெரியும்?

உரிமம் வேண்டாத அலைவரிசையில் இயங்கும் கருவிக்கும் தொலைத்தொடர்புத் துறையின் வகை ஒப்புதல் தேவை; அலைவரிசைக்கு உரிமம் வேண்டாம் என்பது கருவிக்கு ஒப்புதல் வேண்டாம் என்று ஆகாது. அடாப்டரில் பிஐஎஸ் முத்திரையுடன், ‘ஆர்’ எழுத்தில் தொடங்கும் 8 இலக்கப் பதிவெண் இருக்க வேண்டும். அந்த எண்ணை ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் இட்டுச் சரிபார்க்கலாம்.

பிஓஇ அடாப்டர் எதுவானாலும் பொருந்துமா?

பொருந்தாது, இதில் தவறினால் கருவியே கருகிவிடும். சில வெளிக்கருவிகள் எப்போதும் 24 வோல்ட் அனுப்பும் எளிய அடாப்டரில் இயங்குபவை. வேறு சில, கருவியைக் கேட்டறிந்த பிறகே 48 வோல்ட் அளவில் மின்சாரம் அனுப்பும் தரப்படுத்தப்பட்ட முறையில் இயங்குபவை. முனை ஒன்றுபோலவே இருப்பதால் மாற்றிச் செருகுவது எளிது. எனவே பழுதானால் வெளிக்கருவியின் அடியில் அச்சிட்டுள்ள வோல்ட், ஆம்பியர் அளவுகளைப் பார்த்து அதே வகையைத்தான் வாங்க வேண்டும்.

சாதாரண ரூட்டர் அடாப்டர் பழுதானால் வேறு போடலாமா?

வோல்ட் அளவு சரியாக அதுவே இருக்க வேண்டும். ஆம்பியர் அதே அளவாகவோ கூடுதலாகவோ இருக்கலாம். 12 வோல்ட் 1.5 ஆம்பியர் ரூட்டருக்கு 12 வோல்ட் 2 ஆம்பியர் அடாப்டர் பொருந்தும். 12 வோல்ட் 1 ஆம்பியர் போட்டால் நெரிசல் நேரத்தில் ரூட்டர் தானே அணைந்து எழும்.

மாடியிலிருந்து வீட்டுக்குள் எந்தக் கேபிள்?

வெளிப்புறப் பயன்பாட்டுக்கான கறுப்பு உறையுள்ள, முழுச் செம்பு கேட் 6 அல்லது கேட் 5இ கேபிள். கேட் 5இ கேபிளே 100 மீட்டர் வரை 1 ஜிபிபிஎஸ் வேகம் தரக்கூடியது. வீட்டு இணைப்புக்கு அதற்குமேல் தேவை அரிது. வீட்டுக்குள் பயன்படும் சாம்பல் நிறக் கேபிளை வெளியே விட்டால், தமிழ்நாட்டு வெயிலில் உறை வெடித்து நீர் புகும்.

கடையில் ஒரே கேட் 6 கேபிள் இரண்டு விலையில் கிடைக்கிறதே?

விலை குறைந்தது பெரும்பாலும் அலுமினியக் கம்பியின் மேல் செம்பு பூசியது. அதன் மின்தடை அதிகம் என்பதால் மாடியில் உள்ள கருவிக்குப் போதிய மின்சாரம் போய்ச் சேராது. வளைத்தால் கம்பி முறியும். கம்பியைக் கத்தியால் சுரண்டும்போது உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது அலுமினியம்; சுருளைத் தூக்கும்போதே எடையும் குறைவாக இருக்கும். ஒட்டுமொத்தச் செலவில் மிகக் குறைந்த இந்தப் பொருளில் மிச்சம் பிடிப்பதுதான் அதிகக் கோளாறுகளைக் கொண்டுவருகிறது.

கேபிள் எவ்வளவு நீளம் போகலாம்?

வெளிக்கருவியிலிருந்து ரூட்டர் வரை மொத்தம் 100 மீட்டர் உச்சவரம்பு. நடுவில் ஒட்டுப் போடக் கூடாது. நீளம் போதாவிட்டால் புதிய கேபிளை முழுதாக இழுப்பதே சரி.

300 எம்பிபிஎஸ் திட்டம் எடுத்தும் வேகம் 94-ஐத் தாண்டவில்லை. ஏன்?

95-க்குச் சற்றுக் கீழே வேகம் அசையாமல் நின்றால், பெரும்பாலும் கோபுரத்தில் குறை இல்லை. கேபிளில் உள்ள 4 ஜோடிக் கம்பிகளில் ஒன்று அறுந்திருந்தாலோ, ரூட்டர் அல்லது கணினியின் துளை 100 எம்பிபிஎஸ் வகையாக இருந்தாலோ இப்படி ஆகும். முனையை வெட்டி மீண்டும் கிரிம்ப் செய்தால் பல வீடுகளில் இது தீர்ந்துவிடும்.

மழைநீர் கேபிள் வழியே வீட்டுக்குள் வருவதை எப்படித் தடுப்பது?

சுவரில் போடும் துளை வெளிப்பக்கம் சரிந்திருக்க வேண்டும். துளைக்குக் கீழே கேபிளை ஒரு வளைவாகத் தொங்கவிட்டு மேலே ஏற்ற வேண்டும், நீர் அந்த வளைவில் சொட்டிவிடும். துளையைச் சிலிக்கான் பசையால் அடைக்க வேண்டும். வெளிக்கருவியின் கேபிள் மூடி கீழ்நோக்கியே இருக்க வேண்டும். பக்கவாட்டிலோ மேல்நோக்கியோ பொருத்தினால் எந்த நீர்காப்புத் தரமும் உதவாது.

இடி மின்னலுக்கு என்ன பாதுகாப்பு?

நேரடி இடியைத் தாங்கும் வீட்டுக் கருவி எதுவும் இல்லை. அருகில் விழும் இடியால் கேபிளில் பாயும் மின்னழுத்தத்திலிருந்து காக்கவே முடியும். இரும்புக் கம்பத்தை எர்த் கம்பியுடன் இணைத்து, கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் நெட் கேபிளுக்கான சர்ஜ் பாதுகாப்புக் கருவி பொருத்த வேண்டும். அந்த எர்த் வீட்டின் பிரதான எர்த்துடன் இணைந்திருக்க வேண்டும். எர்த் இல்லாமல் பொருத்திய பாதுகாப்புக் கருவி வேலை செய்யாது. மாடியில் வெளிக்கருவியே மிக உயரமான பொருளாக நிற்காமல் பார்த்துக்கொள்வதும், இடி நெருங்கும்போது அடாப்டரைப் பிடுங்கி வைப்பதும் நல்லது.

கடலோர ஊர்களில் தனிக் கவனம் வேண்டுமா?

வேண்டும். உப்புக் காற்றில் சாதாரண இரும்புக் கிளாம்பும் போல்ட்டும் ஓரிரு ஆண்டுகளில் துருப்பிடித்துக் கருவி சாயத் தொடங்கும். துத்தநாகம் பூசிய கம்பமும், துருப்பிடிக்காத எஃகுப் போல்ட்டும் வேண்டும். சில பாகை திரும்பினாலே குறுகிய கோணமுள்ள ஆன்டெனா சிக்னலை இழக்கும். புயல் காற்றுக்குப் பின் திசையை ஒருமுறை சரிபார்க்க வேண்டும்.

மின்தடையின்போது இணையம் வேண்டுமானால்?

வெளிக்கருவியும் ரூட்டரும் சேர்ந்து சுமார் 20 வாட் எடுப்பதாகக் கொண்டால், 3 மணி நேரத்துக்கு 60 வாட்-மணி தேவை. ரூட்டருக்கென விற்கும் 10,000 எம்ஏஎச் சிறிய யுபிஎஸ்ஸில் இருப்பது சுமார் 37 வாட்-மணிதான். இழப்பு போக அது சுமார் ஒன்றரை மணி நேரத்துக்கு வரும். இதில் 12 வோல்ட் மட்டும் வெளிவரும் யுபிஎஸ் ரூட்டரை இயக்கும், 48 வோல்ட் கேட்கும் வெளிக்கருவியை இயக்காது. ரூட்டரில் விளக்கு எரிந்தும் இணையம் இல்லாமல் போவது இதனால்தான். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் இரண்டு அடாப்டர்களையும் அந்த இணைப்பில் செருகுவதே எளிய வழி.

ஹாலில் வேகம் வருகிறது, படுக்கை அறையில் வரவில்லை. கருவியை மாற்ற வேண்டுமா?

வெளிக்கருவியை மாற்றத் தேவையில்லை, இது வீட்டுக்குள் வைஃபை பரவும் பிரச்சினை. 5 ஜிகாஹெர்ட்ஸ் வைஃபை வேகமானது, சுவரைத் தாண்டாது, 2.4 ஜிகாஹெர்ட்ஸ் தூரம் போகும், வேகம் குறைவு. ரூட்டரை டிவி அலமாரிக்குள் அடைக்காமல் வீட்டின் நடுவில் உயரமாக வைத்துப் பார்த்த பிறகும் போதாவிட்டால், ‘மெஷ்’ வகை இரண்டாவது கருவி வாங்கலாம். அதை நெட் கேபிளால் ரூட்டருடன் இணைத்தால்தான் முழு வேகம் கிடைக்கும்.

கடைகளில் விற்கும் சிக்னல் பூஸ்டர் வாங்கலாமா?

அலைபேசிச் சிக்னலைப் பெருக்கும் பூஸ்டரைத் தனியார் வாங்குவதும் விற்பதும் பொருத்துவதும் சட்டவிரோதம். உரிமம் பெற்ற நிறுவனங்களுக்கே அனுமதி உண்டு. அது சுற்றுவட்டார வீடுகளின் இணைப்பையும் கெடுக்கும். வீட்டுக்குள் வைஃபையை நீட்டிக்கும் கருவி வேறு, அதற்குத் தடை இல்லை. இரண்டும் ஒரே பெயரில் விற்கப்படுவதால் கவனம் தேவை.

இந்த இணைப்பில் சிசிடிவி கேமராவை வெளியூரிலிருந்து பார்க்க முடியுமா?

கேமரா நிறுவனத்தின் செயலி வழியாகப் பார்க்கும் வகையில் தடை இல்லை. ஆனால் இத்தகைய இணைப்புகளில் பொதுவாகப் பல வீடுகள் ஒரே இணைய முகவரியைப் பகிர்வதால், ரூட்டரில் ‘போர்ட்’ திறந்து நேரடியாகப் பார்க்கும் பழைய முறை இயங்காது. அது வேண்டுமெனில் நிலையான ஐபி முகவரி கிடைக்குமா என்று முன்கூட்டியே கேட்க வேண்டும்.

மாதம் 1,000 ஜிபி வரம்பு ஒரு குடும்பத்துக்குப் போதுமா?

எச்டி தரத்தில் படம் பார்க்க மணிக்கு 3 ஜிபி வரை செலவாகும். 1,000 ஜிபி என்பது சுமார் 333 மணி நேரம். அதாவது நாளுக்கு 11 மணி நேரம் தொடர்ந்து ஓடினாலும் தாங்கும். 4கே டிவி இரண்டு உள்ள வீட்டில் கணக்கு மாறும்; அதில் மணிக்கு 7 ஜிபி வரை போகும்.

வாடகை வீட்டில் பொருத்தலாமா? வீடு மாறினால்?

மாடியில் துளையிடவும் கம்பம் நடவும் உரிமையாளரின் சம்மதம் வேண்டும். அடுக்ககத்தில் சங்கத்தின் சம்மதமும் வேண்டும். இணைப்பு அந்த முகவரிக்கும் அங்குள்ள கோபுரத்தின் கொள்ளளவுக்கும் உட்பட்டது. புதிய முகவரியில் சேவை இல்லை என்றால் முன்கூட்டிக் கட்டிய தொகையில் எவ்வளவு திரும்பும் என்பதை, 6 அல்லது 12 மாதத் திட்டம் எடுக்கும் முன்பே எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்.

பொருத்தும் பணியாளர் கிளம்பும் முன் எதைச் சரிபார்க்க வேண்டும்?

மடிக்கணினியை ரூட்டருடன் கேபிளால் இணைத்து வேகத்தைச் சோதித்து, அந்தத் திரையைப் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். வைஃபையில் மட்டும் சோதித்தால் குறை எங்கே என்பது தெரியாது. செயலியில் தெரியும் சிக்னல் அளவையும் குறித்துவைத்தால், ஆறு மாதம் கழித்து வேகம் குறையும்போது ஒப்பிட உதவும். கம்பத்தைக் கையால் அசைத்துப் பார்ப்பதும், கேபிள் கூர்மையான விளிம்பில் உரசவில்லை என்று உறுதி செய்வதும் இரண்டு நிமிட வேலை.

வேகம் வரவில்லை, பணத்தையும் திருப்பித் தரவில்லை என்றால் எங்கே புகார் செய்வது?

முதலில் நிறுவனத்தின் வாடிக்கையாளர் மையத்தில் புகார் செய்து, புகார் எண்ணைப் பெற வேண்டும். தீர்வு திருப்தியளிக்காவிட்டாலோ உரிய காலத்தில் கிடைக்காவிட்டாலோ, அதிலிருந்து 30 நாள்களுக்குள் அந்த நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் கட்டணமின்றி முறையிடலாம். அவர் 39 நாள்களுக்குள் முடிவு செய்ய வேண்டும். நுகர்வோர் ஆணையத்துக்கும் செல்லலாம். தொலைத்தொடர்பு சேவைக் குறைபாடுகளை அந்த ஆணையங்கள் விசாரிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் உறுதி செய்துள்ளது. மாவட்ட ஆணையத்தில், செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளுக்குக் கட்டணம் இல்லை. புகார் எண், ரசீது, முதல் நாள் எடுத்த வேகச் சோதனைப் படம் ஆகியவற்றை ஆதாரமாக இணைக்கலாம்.